கதைக்கிறது பிழையோ? ‘கதை’ எண்ட சொல் எங்கையிருந்து வந்தது?

கோண்டாவிலான்

எல்லாருக்கும் வணக்கம். என்ரை மகள் எட்டாம் ஆண்டு படிக்கிறா. தமிழ்க் கட்டுரையிலை ‘பின்னேரம் அம்மம்மாவுடன் கதைத்துக்கொண்டிருந்தேன்’ எண்டு எழுதினவ. கொப்பி திரும்பி வரேக்கை ‘கதைத்து’ எண்டதைச் சிவப்பு மையாலை வெட்டி, மேலை ‘பேசி’ எண்டு எழுதிக் கிடந்தது. கதைத்தல் வெறும் பேச்சு வழக்காம், கதை எண்டால் புத்தகத்திலை வாற கதை மட்டும்தானாம். பிள்ளை என்னட்டை வந்து, “அப்பா, அம்மம்மா என்னைப் பேசவேயில்லை. பிறகேன் பேசினது எண்டு எழுதவேணும்?” எண்டு கேக்குது.

எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை. ஆசிரியரோடை கதைவழிப்பட எனக்கு விருப்பமில்லை, ஆனால் விசயம் தெரியவேணும். கதை எண்ட சொல்லு தமிழோ? அது எப்பிடி எங்களுக்கு மட்டும் வாயாலை கதைக்கிறதாய் மாறினது? தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாய்ச் சொல்லுங்கோ.


மதுரைக்காரன்

வணக்கம் அண்ணே. நான் மதுரைப் பக்கம். வேலைக்காக ஒன்றரை வருசமா திருநெல்வேலியில குடியிருக்கேன். உங்க யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சொல்றேன், எங்க ஊர்க்காரங்க குழம்பிட வேணாம்.

பாப்பா கேட்டது நூத்துக்கு நூறு நியாயம். வந்த புதுசுல வீட்டுக்கார அம்மாகிட்ட, “நேத்து உங்க பையன்கிட்ட ரொம்ப நேரம் பேசினேன்மா”ன்னு நல்லவிதமாத்தான் சொன்னேன். அவங்க அடுப்படியில தேங்காய் திருவிக்கிட்டிருந்தாங்க. திருவலையை விட்டு எழும்பி வந்து, “என்ன தம்பி, அவன் என்ன பிழை விட்டவன்?”னு முகம் வாடிப்போய்க் கேட்டாங்க. பையனை நான் ஏசிட்டேன்னு நெனச்சிருக்காங்க. அன்னைக்கு ராத்திரிதான் பக்கத்து வீட்டு ஐயா, இங்க பேசுறதுன்னா ஏசுறது, கதைக்கிறதுன்னாத்தான் பேசுறதுன்னு புரியவெச்சார்.

எங்க ஊர்லயும் ‘அப்பாகிட்ட நல்லாப் பேச்சு வாங்கினான்’னா திட்டு வாங்கினான்னுதான் அர்த்தம். அதே மாதிரி ‘திண்ணையில உக்காந்து கதை பேசிக்கிட்டிருந்தோம்’னு சொன்னா யாரும் ராமாயணம் சொல்லலை, சும்மா அரட்டைதான். அதனால ரெண்டு அர்த்தமும் எங்ககிட்டயும் அரைகுறையா இருக்கு. நீங்க அதை முழுசா வெச்சிருக்கீங்க.


புலோலி வாத்தியார்

கோண்டாவில் தம்பிக்கும் மதுரைத் தம்பிக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியன். இது சின்ன விசயம் இல்லை, அதனாலை கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேண்டியிருக்கு.

கதை வடசொல். ‘கதா’ எண்ட வடமொழிச் சொல் தமிழுக்கு வரேக்கை கதை ஆனது. மாலா மாலையாகினதும் சபா சபையாகினதும் இதே வழிதான். நன்னூல் இதை ‘ஆவீ றையும்’ எண்டு விதியாகவே சொல்லுது. வீமன்ரை கையிலை இருக்கிற ஆயுதமும் கதைதான், ஆனால் அதின்ரை மூலம் வேறை சொல். வடமொழியிலை எழுத்து வேறை வேறை, தமிழிலை ரண்டும் ஒரே எழுத்திலை விழுந்திட்டுது.

எல்லாரும் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். வடமொழியிலேயே ‘கதா’வுக்கு ரண்டு பொருள்: சொல்லப்படுகிற கதை ஒண்டு, ஆளுக்காள் நடத்துகிற உரையாடல் மற்றது. பாளியிலும் அப்பிடியே. அபிதம்ம பிடகத்து ஏழு நூல்களிலை ஒண்டுக்குக் ‘கதாவத்து’ எண்டு பேர். அதுக்குள்ளை அரசன் கதையோ அரக்கன் கதையோ இல்லை, கொள்கை விவாதம்தான் இருக்கு. இந்தியிலை ‘கஹ்னா’ எண்டால் சொல்லுதல், ‘கஹானி’ எண்டால் கதை. ரண்டும் ஒரே வேரிலையிருந்து முளைச்சவை.

அந்த வேர் எது? வடமொழியிலை ‘கதம்’ எண்டால் ‘எப்படி?’. யதா, ததா எண்ட சொற்களும் அந்தக் குடும்பத்து ஆக்கள்தான். கதா எண்டது ‘எப்படி நடந்தது எண்டு சொல்லுதல்’ எண்ட கருத்திலை பிறந்திருக்கலாம் எண்டு மொனியர் வில்லியம்சின் வடமொழி அகராதி ஊகிக்குது. ஊகம்தான், ஆனால் எனக்கு மிகவும் பிடிச்ச ஊகம். ஒரு பிள்ளை ‘எப்பிடி?’ எண்டு கேட்ட உடனை நாங்கள் சொல்லத் தொடங்கிறதுக்குப் பேர் கதை.

ஆகவே தம்பி, யாழ்ப்பாணத்தார் கதை எண்ட சொல்லைப் பிடிச்சுத் திரிக்கேல்லை. மூலச்சொல்லுக்கு இருந்த ரண்டு பொருளையும் நாங்கள் விடாமல் வைச்சிருக்கிறம். மற்ற இடங்களிலை ஒண்டு தேய்ஞ்சு போச்சு. ‘கதைத்தல்’ எண்ட வினையைச் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியும் (1924–1936) தந்திருக்கு. பிள்ளை எழுதினதை வெட்டியிருக்கக் கூடாது.


கச்சேரியடி

வாத்தியார் ஐயா சொன்னதை வாசிச்சன். ஆனால் எனக்கொரு சந்தேகம். என்னோடை கந்தோரிலை வேலை செய்யிற சிங்கள ஆக்கள் ‘கதா கரனவா’ எண்டுதான் சொல்லுவினம். கதைக்கிறது எண்டதுக்கு அவையின்ரை அன்றாடச் சொல் அதுதான். அப்ப இது சிங்களத்திலையிருந்து எங்களுக்கு வந்திருக்காதோ? இந்தியத் தமிழிலை இல்லை, இலங்கைத் தமிழிலை இருக்கு, சிங்களத்திலையும் இருக்கு. கூட்டிப் பாத்தால் அப்பிடித்தானே வருது.


புலோலி வாத்தியார்

நல்ல கேள்வி, கேக்கவேண்டிய கேள்வி. ஆனால் சொல்லின்ரை உடம்பைப் பாருங்கோ. சிங்களத்திலை அது ரண்டு சொல்: கதா, கரனவா. கதை செய்தல் எண்டு பொருள். அங்கையிருந்து எடுத்திருந்தால் நாங்களும் ‘கதை செய்யிறது’ எண்டோ ‘கதை பண்ணுறது’ எண்டோ சொல்லியிருக்கவேணும். நாங்கள் சொல்லுறது கதைக்கிறன், கதைச்சனான், கதைப்பம், கதையாதை. நினைத்தல், அணைத்தல், படைத்தல் போலப் பெயரோடை நேரடியாய்த் தமிழ் விகுதி ஒட்டுது.

இன்னொண்டு. வடமொழி வினையைத் தமிழ் எடுக்கேக்கை நடுவிலை ஒரு இகரம் வாறது வழக்கம்: சிந்தித்தல், தியானித்தல், வாசித்தல், உபதேசித்தல். கதைத்தலிலை அது இல்லை. அதுக்கு என்ன கருத்து? ‘கதை’ எண்ட பெயர் தமிழுக்குள்ளை வந்து, எங்கடை சொல்லாய்ப் பழகி, பிறகு தமிழர் வாயிலைதான் வினையாகினது. சிங்களமும் நாங்களும் ஒரே கிணத்திலை தனித்தனி வாளியாலை அள்ளினம் எண்டுதான் நான் விளங்கிக்கொள்ளுறன். பக்கத்திலை பக்கத்திலை இருந்ததாலை ரண்டு வழக்கும் ஒண்டையொண்டு வாழவைச்சிருக்கும், அதை நான் மறுக்கேல்லை.


நல்லூர் இளவல்

ஐயா, எடுத்தவுடனை வடசொல் எண்டு முத்திரை குத்தவேணுமோ? ‘கத்து’ எண்ட தமிழ் வேரிலையிருந்து கதை பிறந்தது, வடமொழிதான் எங்களிட்டை எடுத்தது எண்டு தனித்தமிழ் அறிஞர் சிலர் எழுதியிருக்கினம். கத்து, கதறு, கதை எல்லாம் வாயாலை எழும்புற ஒலிதானே. தமிழனுக்குக் கதை சொல்லுறதுக்குக் கூட ஒரு சொல் இல்லாமல் வடக்கையிருந்து கடன் வாங்கினான் எண்டு சொன்னால் மனம் ஒப்புதில்லை.


புலோலி வாத்தியார்

இளவல், உங்கடை மனத்தாங்கல் எனக்கு நல்லாய் விளங்குது. ஆனால் கடன் வாங்கினதாலை எங்களிட்டை இருக்கேல்லை எண்டு அர்த்தம் இல்லை. எங்களிட்டை நிறைய இருந்தது. அதைத்தான் எடுத்துக் காட்டவேணும்.

தொல்காப்பியம் செய்யுளியலிலை உரைநடையை நாலாய்ப் பிரிக்குது. அதிலை ஒண்டு ‘பொருளொடு புணராப் பொய்ம்மொழி’. இன்னொண்டு ‘பொருளொடு புணர்ந்த நகைமொழி’. முதலாவதுக்குப் பேராசிரியர் உரையிலை தாற உதாரணத்தைப் பாருங்கோ: ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய் இன்னமாதிரிச் செய்தன எண்டு சொல்லுறது. அந்த உரைகாரர் காலத்திலை அம்மம்மாமார் பேரப்பிள்ளையளுக்குச் சொன்ன கதை ஒண்டு அந்த ஒரு வரிக்குள்ளை உயிரோடை இருக்கு. அதே இயலிலை ‘தொன்மை’ எண்டு ஒரு வனப்பு. ‘தொன்மை தானே உரையொடு புணர்ந்த பழமை மேற்றே’ எண்டு இலக்கணம். பழங்கதையைத்தான் சொல்லுது.

‘நொடி’ எண்ட சொல்லையும் மறக்கக்கூடாது. நொடித்தல் எண்டால் சொல்லுதல். எங்கடை ஊர்களிலை விடுகதைக்கு இண்டைக்கும் நொடிதான் பேர். ‘நொடி அவிழ்’ எண்டு சின்னனிலை எத்தினை பேர் கேட்டிருப்பம். சிலப்பதிகாரப் பதிகம் தன்னை ‘உரையிடை யிட்ட பாட்டுடைச் செய்யுள்’ எண்டு சொல்லுது. உரை, நொடி, பழமை, தொன்மை, பொய்ம்மொழி. இவ்வளவும் இருந்த வீட்டுக்குள்ளைதான் கதை எண்ட விருந்தாளி வந்து, பிறகு வீட்டு ஆளாய் நிண்டது.

கத்து எண்ட வேர் பற்றி: கத்துறதும் கதறுறதும் தமிழிலை எப்பவும் உரத்த ஓசையைத்தான் சுட்டுது. ஒழுங்காய் ஒண்டுக்குப் பிறகு ஒண்டாய்ச் சொல்லுற கருத்து அந்தக் குடும்பத்திலை வேறை எங்கையும் இல்லை. அதனாலை நான் அதை ஏற்கிறதில்லை. தொல்காப்பியரே ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ எண்டு சொல்லி, வடவெழுத்தை நீக்கி வாற சொல்லுக்கு வாசலைத் திறந்துதான் விட்டவர்.


நல்லூர் இளவல்

யானையும் குருவியும் எனக்குப் புதுசு ஐயா. நன்றி. வேர் விசயத்திலை நான் இன்னும் முழுசாய் ஒத்துக்கொள்ளேல்லை, ஆனால் வாசிச்சுப் பாக்கிறன்.


மதுரைக்காரன்

ஐயா ‘பழமை’ன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. கோயம்புத்தூர்ப் பக்கம் ‘பழமை பேசுறது’ன்னா சும்மா உக்காந்து பேசிக்கிட்டிருக்கிறதுதான். அங்கயும் பழங்கதைக்கு உரிய சொல்லு சாதாரணப் பேச்சுக்கு வந்திருக்கே! யாழ்ப்பாணத்துல கதையிலிருந்து கதைக்கிறது, கொங்குல பழமையிலிருந்து பழமை பேசுறது. ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே ரெண்டு ஊரும் ஒரே வழியில நடந்திருக்கு.


புலோலி வாத்தியார்

தம்பி, இது நான் யோசியாத பொருத்தம். மிச்சம் நன்றி.


பயன்சொல்லி

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டிருந்தன். வாத்தியார் ஏட்டுப் பக்கத்தைச் சொல்லிட்டார், நான் கோயில் பக்கத்தைச் சொல்லுறன். எங்கடை ஆக்களுக்குக் கதை எண்ட சொல் வாயிலை ஊறினது பள்ளிக்கூடத்திலை இல்லை, கோயில் மண்டபத்திலை.

கார்த்திகைப் பூரணைக்கு அடுத்த நாள் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சட்டி வரைக்கும் 21 நாள் விநாயக விரதம். எங்கடை ஊரிலை அதைப் ‘பெருங்கதை’ எண்டுதான் சொல்லுவம். ‘பெருங்கதை தொடங்கீட்டுது, இனி வீட்டிலை மச்சம் இல்லை’ எண்டு எல்லா வீட்டிலும் கேக்கும். விரதகாரர் 21 இழை நூலைக் காப்பாய்க் கட்டுவினம். ஆம்பிளையளுக்கு வலக்கை, பொம்பிளையளுக்கு இடக்கை. பின்னேரத்திலை பிள்ளையார் கதை படிப்பினம். பாடினவர் சுன்னாகம் வரத பண்டிதர். தமிழ்நாட்டு ஆக்களிட்டைப் பெருங்கதை எண்டால் கொங்குவேளிர் பாடின உதயணன் கதையைத்தான் நினைப்பினம். எங்களுக்கு அது ஒரு விரதத்தின்ரை பேர். கதை கேக்கிறதே விரதமாகி, விரதத்துக்கே கதை பேராய்ப் போட்டுது.

சித்திரா பௌர்ணமிக்குச் சித்திரபுத்திரனார் கதை படிச்சு, சித்திரைக் கஞ்சி வாப்பினம். கண்ணகி அம்மன் கோயில்களிலை கோவலனார் கதை. அதையே முல்லைத்தீவுப் பக்கம் சிலம்புகூறல் எண்டுவினம், மட்டக்களப்பிலை கண்ணகி வழக்குரை. ஒரே நூலுக்கு மூண்டு பேர். யாழ்ப்பாணம் தெரிஞ்செடுத்த பேர் கதை.

பிறகு கந்தபுராணப் படிப்பு. பண்டிதமணி கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் எண்டு சொன்னது சும்மா இல்லை. நேரிலை காணாத ஆக்களுக்காகக் கொஞ்சம் விவரமாய்ச் சொல்லுறன். ரண்டு பேர் இருப்பினம். ஒருத்தர் கச்சியப்பரின்ரை பாட்டை இராகத்தோடை இழுத்து வாசிப்பார். மற்றவர் அதைப் பிரிச்சுப் பிரிச்சு எடுத்துப் பொருள் சொல்லுவார். அதுக்குப் ‘பயன் சொல்லுறது’ எண்டு பேர், என்ரை பேரும் அதாலைதான். வாசிக்கிறவர் ‘திகட சக்கரச் செம்முகம் ஐந்துளான்’ எண்டு எடுப்பார். நான் ‘திகழ்தசக்கரம்’ எண்டு பிரிச்சு, விளங்குகிற பத்துக் கைகளும் ஐந்து செம்முகங்களும் உடைய சிவபெருமான் எண்டு தொடங்கவேணும். அந்தப் புணர்ச்சிக்கு இலக்கணம் எங்கை எண்டு சபையிலை கேட்ட வரலாறும் சொல்லவேணும். இருக்கிற ஆக்களிலை ஒரு கிழவர் ‘அப்ப அந்தப் பத்துக் கையிலையும் என்னென்ன இருந்தது?’ எண்டு கேட்டால் அதையும் சொல்லிப்போட்டுத்தான் அடுத்த பாட்டுக்குப் போகலாம்.

இப்ப நீங்களே சொல்லுங்கோ, நான் செய்யிறது கதை சொல்லுறதோ, கதைக்கிறதோ? பாட்டு ஒருபக்கம் ஓடுது, சபையோடை நான் கதைச்சுக்கொண்டிருக்கிறன். ரண்டையும் பிரிக்க ஏலாது. மூலச்சொல்லின்ரை ரண்டு பொருளும் எங்களிட்டைச் சாகாமல் இருந்ததுக்கு இந்தப் படிப்பும் ஒரு காரணம் எண்டுதான் நான் நம்புறன்.

கோண்டாவில் தம்பி, பெருங்கதைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு பிள்ளையார் கோயிலுக்குப் போங்கோ. தமிழ் வாசிக்கிற பிள்ளையளை விரும்பி முன்னுக்கு இருத்துவினம்.


அரியாலை அக்கா

பயன்சொல்லி அண்ணை எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அம்மாவின்ரை பங்குக்குச் சில சொல்லுகள் தந்தவ, எழுதுறன்.

கதை குடுக்கிறது எண்டால் ஒராளின்ரை மனதிலை என்ன இருக்கு எண்டு மெல்ல அறியக் கதையைத் தொடக்கிறது. கதைவழிப்படுறது வாய்ச்சண்டைக்குப் போறது. கதை விடுறது பொய் சொல்லுறது. ‘ஒரு கதை பேச்சில்லை’ எண்டால் ரண்டு வீட்டுக்கும் தொடர்பு அறுந்து போச்சு எண்டு விளங்கவேணும். ஆனால் கலியாணம் மட்டும் கதைக்கிறதில்லை, பேசுறதுதான். ‘பிள்ளைக்குப் பேச்சுக்கால் வந்திருக்கு’ எண்டுவம். காணி விலையும் பேசுறதுதான். பெரிய ஆக்கள் கூடித் தீர்க்கிற விசயத்துக்குப் பேசு, வேலியடியிலை நிண்டு வாயாறுறதுக்குக் கதை, பிழை விட்டவனுக்குத் திரும்பவும் பேசு. எங்கடை ஆக்கள் எவ்வளவு கவனமாய்ப் பிரிச்சு வைச்சிருக்கினம் எண்டு பாருங்கோ.

தேவாரத்திலை அப்பர் ‘பெரும்பற்றப் புலியூரானைப் பேசாத நாளெல்லாம் பிறவா நாளே’ எண்டு பாடினவர். அங்கை பேசுறது புகழுறது. நாங்கள் அந்தத் தேவாரத்தைப் பாடிப்போட்டு வந்து பிள்ளையளைப் பேசுறம், ஏசுறதாய்.

இன்னொரு சொல்லும் இருக்கு. ‘என்ன புதினம்?’ எண்டுதான் நாங்கள் ஆக்களைக் கண்டால் கேக்கிறது. செய்திதான் புதினம். றோட்டிலை ஒண்டு நடந்தால் நிண்டு புதினம் பாக்கிறது. அடுத்த வீட்டு விசயத்தைக் கிண்டுறதுக்கு விடுப்பு. மதுரைத் தம்பி, உங்கடை பக்கம் புதினம் எண்டால் வேறை ஏதோ எண்டு கேள்விப்பட்டன்?


மதுரைக்காரன்

ஆமாக்கா, எங்களுக்குப் புதினம்னா நாவல். எழுத்துலதான், பேச்சுல வராது. இதுல ஒரு அழகு இருக்கு. நாவல்ங்கிற வெளிநாட்டுச் சொல்லோட பிறப்பே ‘புதுச் செய்தி’ங்கிற அர்த்தத்துலதான், இத்தாலிய ‘நொவெல்லா’விலிருந்து வருது. தமிழ்நாட்டுல புதுசுங்கிறதை வெச்சு நாவலுக்குப் பேரு தேடினாங்க. யாழ்ப்பாணத்துல அதே சொல்லுக்குச் செய்திங்கிற அர்த்தம். ரெண்டையும் பக்கத்துல வெச்சா அந்த இத்தாலியச் சொல்லோட முழுக்கதையும் தமிழ்ல வந்திடுது.


புலோலி வாத்தியார்

அருமை. ஒண்டு மட்டும் சேர்க்கிறன். நாவல் தமிழுக்கு வந்த புதிதிலை புதினம் எண்டோ நாவல் எண்டோ தலைப்பிலை போடேல்லை. 1879 இலை வந்த பிரதாப முதலியார் சரித்திரமும், 1885 இலை கண்டிச் சித்திலெப்பை எழுதின அசன்பே சரித்திரமும் ‘சரித்திரம்’ எண்டு வந்தவை. 1891 இலை திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதினது ஊசோன் பாலந்தை கதை. புது வடிவத்துக்கு அவர் பழகின சொல்லையே வைச்சார். வாசிக்கிற ஆக்களுக்கும் அது அந்நியமாய் இருந்திராது.


கோண்டாவிலான்

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. மகளை இருத்தி முழுசாய் வாசிச்சுக் காட்டினன். யானையும் குருவியும் எங்கை போனவை எண்டுதான் அவவுக்கு இப்ப கவலை.

வாத்தியார் ஐயாவிட்டை ஒரு கேள்வி. சிலப்பதிகாரத்திலை ‘வழக்குரை காதை’ எண்டு படிச்சிருக்கிறா. கதைக்குக் கால் போட்டால்தான் காதையோ, அல்லது வேறை சொல்லோ?


புலோலி வாத்தியார்

கதைதான் நீண்டு காதை ஆனது எண்டு சிலர் சொல்லுவினம். நான் அதை ஏற்கிறதில்லை. வடமொழியிலும் பாளியிலும் ‘காதா’ எண்டு வேறை ஒரு சொல் இருக்கு, பாட்டு, செய்யுள் எண்டு பொருள். அதுதான் காதை. பௌத்த நூல்களிலை அந்தச் சொல் மிகுதி. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின்ரை முப்பது பகுதியும் காதை எண்டே பேர் பெறுகுது.

ஆனால் சிலப்பதிகாரத்தைத் திறந்து தலைப்புகளை மட்டும் மேலையிருந்து கீழை பாக்கச் சொல்லுங்கோ. ஆடலும் பாடலும் வாற இடங்களுக்குக் கானல் வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை எண்டு பேர். கதை நடந்து போற அகவற் பகுதிகளுக்குத்தான் பெரும்பாலும் காதை. பாட்டு எண்டு பொருள்பட்ட சொல்லை, பாட்டில்லாத, கதை சொல்லுற பகுதிக்கு வைச்சிருக்கு. அதைப் பாத்துத்தான் ரண்டும் ஒரே சொல் எண்டு பலருக்குத் தோன்றியிருக்கவேணும். பிள்ளை இதை வகுப்பிலை கேக்கட்டும். நல்ல கேள்வி.